அணை நீர்மட்டப் பக்கத்துக்கு ஒரு ப்ளகின்: டைப்போ3 நீட்சியில் பதிவு செய்யும் முறை

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகளில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்காமல், தாமிரபரணிப் பாசனத்தை நம்பியவர் எவரும் நாற்றங்காலில் விதை தெளிப்பதில்லை. கார் சாகுபடியோ பிசானமோ, கணக்கு அணையில்தான் தொடங்குகிறது. 143 அடி, 156 அடி, 118 அடி என்னும் உச்ச நீர்மட்டங்கள் எங்கள் பக்கத்தில் வாய்ப்பாட்டைப் போல மனப்பாடமானவை. கன்னடியன் கால்வாயில் பாயும் வயல்களை உடைய விவசாயிகள் சிலர் நடத்தும் இணையதளத்துக்காக, இந்த நீர்மட்டங்களைக் காட்டும் சிறிய நீட்சி ஒன்றை டைப்போ3 உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் எழுதினேன். அளவீடுகளைச் சேமித்து வரிசைப்படுத்தும் நிரலை எழுத ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அதைப் பக்கத்தில் வரவழைக்கும் பதிவு வேலை, அதாவது சில வரிகளே கொண்ட இரண்டு கோப்புகள், இரண்டு நாட்களை விழுங்கிவிட்டது. அந்த இரண்டு நாட்களை வேறொருவரும் இழக்க வேண்டியதில்லை என்பதால் அவ்வேலையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வன யாவும் 2024 அக்டோபரில் வெளிவந்த 13.4 என்னும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும், காம்போசர் என்னும் பிஹெச்பி பொதி மேலாண்மைக் கருவி வழியான நிறுவலையும், நீட்சிகளை எழுத டைப்போ3 தரும் எக்ஸ்ட்பேஸ் சட்டகத்தையும் சார்ந்தவை. எக்ஸ்ட்பேஸ் 2009-இல் 4.3 பதிப்போடு வந்தது; அதன் பிறகு பதிவு முறையின் வடிவம் பலமுறை மாறியிருப்பதால், தேடியவுடன் கிடைக்கும் பழைய கையேடுகளை அப்படியே படியெடுப்பது ஆபத்தானது. நீட்சிப் பெயருக்கு முன்னால் நிறுவனப் பெயரையும் ஒரு புள்ளியையும் ஒட்டியிருக்கும் எடுத்துக்காட்டைக் கண்டால் அது 10 ஆம் பதிப்புக்கு முற்பட்டது என்று அறிந்து ஒதுக்கிவிடலாம். கோப்புப் பெயர்களையும் மெத்தட் பெயர்களையும் நான் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவை ஆங்கில எழுத்துகளில் அமைய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் என்னும் ஒரே நூல்

ப்ளகின் என்பது பக்கத்தில் வைப்பதற்காக நீட்சி தரும் ஓர் உறுப்பு. அதை இரண்டு இடங்களில் பதிவு செய்கிறோம். முதலாவது பதிவு, பக்கத்தைப் பார்க்க வருபவருக்காக எந்த கன்ட்ரோலரின், அதாவது வரும் கோரிக்கையைக் கையாளும் கிளாஸின், எந்த ஆக்‌ஷன் ஓட வேண்டும் என்பதை முன்தளத்துக்குச் சொல்கிறது. இரண்டாவது பதிவு, பக்கத்தைத் தொகுப்பவர் அந்த ப்ளகினைத் தேர்ந்தெடுத்து வைக்கும்படி பின்தளத்தில் அதைக் காட்டுகிறது. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் வேலை பாதியில் நிற்கும். இரண்டையும் எழுதிப் பெயரை ஓர் எழுத்து மாற்றிவிட்டால் இன்னும் மோசம், ஏனெனில் அப்போது பிழைச் செய்தியே வராமல்கூடப் போகலாம். இரண்டு பதிவுகளையும் கட்டியிருக்கும் நூல் பெயர் ஒன்றுதான். ஆகவே நிரல் எழுதுவதற்கு முன் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது.

என் நீட்சியின் திறவுச்சொல் 'அணை_மட்டம்'. திறவுச்சொல் முழுவதும் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் இருக்க வேண்டும். அதே பெயர் பதிவு மெத்தட்களுக்குச் செல்லும்போது அடிக்கோடு நீங்கி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாகி, 'அணைமட்டம்' என ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். ப்ளகின் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், என்னுடையது 'பட்டியல்'. இவ்விரண்டையும் முழுக்கச் சிறிய எழுத்தாக்கி நடுவில் ஓர் அடிக்கோட்டை இட்டு 'அணைமட்டம்_பட்டியல்' என்னும் அடையாளத்தை அமைப்பு தானே உருவாக்கிக்கொள்கிறது. இதைத்தான் ப்ளகின் சிக்னேச்சர் என்பார்கள். திறவுச்சொல்லில் இருந்த அடிக்கோடு இதில் இராது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் முழுவதும் 'அணை_மட்டம்_பட்டியல்' என்று இரண்டு அடிக்கோடுகளோடு டைப்போஸ்கிரிப்டில், அதாவது டைப்போ3-இன் அமைவு மொழியில், எழுதிவிட்டு, என் அமைப்புகள் ஏன் எடுபடவில்லை என்று திகைத்துக்கொண்டிருந்தேன்.

காம்போசர் கோப்பில் பொதியின் வகையை டைப்போ3 நீட்சி எனக் குறிப்பிட்டு, கூடுதல் விவரப் பகுதியில் திறவுச்சொல்லைக் கொடுத்து, 'கிளாஸஸ்' அடைவை உங்கள் நேம்ஸ்பேஸோடு இணைத்திருக்க வேண்டும். நேம்ஸ்பேஸ் பிசகியிருந்தால் பதிவு சரியாக இருந்தும் கன்ட்ரோலர் கிடைக்காது.

எத்தனை ப்ளகின்கள் வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். ஒரே ப்ளகினை வைத்து, தொகுப்பவர் ஒரு தேர்வுப் பட்டியலின் மூலம் அதன் ஆக்‌ஷனை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு முன்பு இருந்தது. அது 10 ஆம் பதிப்புக் காலத்திலேயே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு 12 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் ஒரு பயனுக்கு ஒரு ப்ளகின் என்று பிரிப்பதே இன்றைய முறை. நான் மூன்றாகப் பிரித்தேன்: மூன்று அணைகளின் அன்றைய மட்டத்தைக் காட்டும் 'பட்டியல்', ஓர் அணையின் பழைய அளவீடுகளைக் காட்டும் 'வரலாறு', தேதி கொடுத்துத் தேடும் 'தேடல்'.

முதல் பதிவு: முன்தளத்துக்கு

நீட்சியின் மேல் அடைவில் 'எக்ஸ்ட்_லோக்கல்கான்ஃப்.பிஹெச்பி' என்னும் கோப்பை உருவாக்குங்கள். டைப்போ3 என்னும் மாறிலி வரையறுக்கப்படவில்லையெனில் நின்றுவிடுமாறு ஒரு வரியை முதலில் எழுதிவிட்டு, எக்ஸ்ட்பேஸின் 'எக்ஸ்டென்ஷன்யுடிலிட்டி' கிளாஸில் உள்ள 'கான்ஃபிகர்ப்ளகின்' மெத்தடை ஒவ்வொரு ப்ளகினுக்கும் ஒரு முறை அழைக்க வேண்டும். அதற்கு ஐந்து ஆர்க்யுமென்ட்கள் உண்டு.

முதலிரண்டும் மேலே தாளில் எழுதிய நீட்சிப் பெயரும் ப்ளகின் பெயரும். மூன்றாவது ஓர் அரே; அதன் இடப்பக்கத்தில் கன்ட்ரோலர் கிளாஸின் முழுப் பெயர், வலப்பக்கத்தில் அந்த ப்ளகினுக்கு அனுமதிக்கப்படும் ஆக்‌ஷன்கள் காற்புள்ளியிட்டு வரும். மெத்தட் பெயரின் கடைசியில் உள்ள 'ஆக்‌ஷன்' என்னும் சொல்லை இங்கே எழுதக் கூடாது. முதலில் எழுதப்படும் கன்ட்ரோலரின் முதல் ஆக்‌ஷனே இயல்பாக ஓடுவது. ஆகவே இந்த வரிசைக்கும் பொருள் உண்டு. இந்த அரே ஒரு காவலும்கூட. இதில் இல்லாத ஆக்‌ஷனை யாரேனும் முகவரியில் எழுதி அழைத்தால், இந்த ப்ளகினுக்கு அது அனுமதிக்கப்படவில்லை என்ற பிழையோடு எக்ஸ்ட்பேஸ் நின்றுவிடும். பார்வையாளருக்கு அந்தப் பிழை தெரிவதற்குப் பதிலாக, பக்கம் இல்லை என்னும் 404 செய்தி போக வேண்டுமானால் அதற்கென டைப்போஸ்கிரிப்டில் எம்விசி பகுதியின் கீழ் ஓர் அமைப்பு இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அதை இயக்கி வைப்பதே நாகரிகம்.

நான்காவது ஆர்க்யுமென்ட்டும் அதே வடிவிலான அரேதான். கேஷில், அதாவது ஒருமுறை உருவான வெளியீட்டை மீண்டும் காட்டுவதற்காகச் சேமிக்கும் இடத்தில், வைக்கக் கூடாத ஆக்‌ஷன்களை அதில் எழுத வேண்டும். இதில் எழுதும் ஆக்‌ஷன் மூன்றாவதிலும் இருந்தாக வேண்டும். இதில் எழுதினால் மட்டும் அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ணுவது பரவலான தவறு.

இந்த நான்காவது இடத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இங்கே ஓர் ஆக்‌ஷனை எழுதாமல் விட்டால், அதன் வெளியீடு முழுப் பக்கத்தோடு சேர்ந்து கேஷில் தங்கிவிடும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிடில் அந்தக் கேஷின் ஆயுள் 24 மணி நேரம். நான் 'பட்டியல்' ப்ளகினுக்கு நான்காவது அரேயை வெறுமையாக விட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, பேப்பர்ல பாபநாசம் நூத்தி முப்பத்தொண்ணுன்னு போட்டுருக்கான். ஒங்க பக்கத்துல நூத்தி இருபத்தெட்டுலயே நிக்கி. எத நம்பட்டும்?" தரவுத்தளத்தில் 131 சரியாகப் பதிவாகியிருந்தது. பக்கம் மட்டும் முந்தின நாளில் நின்றுகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நாள் பழைய நீர்மட்டம் எவ்வளவு பெரிய பொய் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உடனே எல்லா ஆக்‌ஷன்களையும் நான்காவது அரேயில் போட்டுவிடுவதும் அறிவுடைமை ஆகாது. அப்படிப் போட்டால் ஒவ்வொரு வருகையின்போதும் அந்தப் பகுதி புதிதாகக் கணக்கிடப்படும். எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும் மழைநாளில் சர்வர் மூச்சுத் திணறும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே மாறும் பட்டியலைக் கேஷில் வைத்துவிட்டு, தரவு மாறும்போது கேஷை நீக்குவதே முறை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பின்தளப் படிவத்தில் ஒரு பதிவைத் திருத்திச் சேமிக்கும்போது, அப்பதிவு எந்தப் பக்கத்தின் கீழ் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தின் கேஷ் நீங்கும். ஆனால் பெரும்பாலும் பதிவுகளை ஒரு சேமிப்பு ஃபோல்டரிலும் ப்ளகினை வேறொரு பக்கத்திலும் வைக்கிறோம். ஃபோல்டருக்குக் கேஷ் நீங்குகிறது. காட்டும் பக்கம் அப்படியே இருக்கிறது. இதற்கு, பின்தளத்தின் நடத்தையைப் பக்கவாரியாக அமைக்கும் இடமான, அந்த ஃபோல்டரின் பக்க டிஎஸ்கான்ஃபிகில் 'டிசிமெயின்' பகுதியின் கீழ் உள்ள 'கிளியர்கேஷ்கமாண்ட்' அமைப்பில், காட்டும் பக்கத்தின் எண்ணை எழுதிவிட வேண்டும். அளவீடுகள் படிவத்தின் வழியாக அல்லாமல் நேராகத் தரவுத்தளத்தில் எழுதப்படுமானால் இதுவும் உதவாது. ஏனெனில் கேஷை நீக்கும் டேட்டாஹேண்ட்லர் அவ்வழியில் கூப்பிடப்படுவதே இல்லை. அப்போது இறக்குமதி நிரலே தன் வேலை முடிந்ததும் உரிய கேஷை நீக்க வேண்டும்.

'தேடல்' ப்ளகின் வேறு. ஒவ்வொருவரும் வெவ்வேறு தேதியைக் கொடுப்பதால் அதன் விடையைச் சேமித்து வைப்பதில் பயனில்லை; அதன் ஆக்‌ஷன்களை நான்காவது அரேயில் தயங்காமல் எழுதலாம். தேடலைத் தனி ப்ளகினாகப் பிரித்ததற்கும் இதுவே காரணம். கேஷ் வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே ப்ளகினில் கலந்தால் நிரல் ஓடத்தான் செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது ஏன் என்று எழுதியவருக்கே விளங்காது.

ஐந்தாவது ஆர்க்யுமென்ட் ப்ளகினின் வகை. முன்பு எல்லா ப்ளகின்களும் 'லிஸ்ட்_டைப்' என்னும் பொதுக் கூரையின் கீழ் இருந்தன. தொகுப்பவர் முதலில் பொதுவான ப்ளகின் உறுப்பைத் தேர்ந்து, பின் அதனுள் எந்த ப்ளகின் என்று தேர வேண்டும். 13.4 பதிப்பில் அந்த முறை கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது, 14 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு ப்ளகினும் தனித்த உள்ளடக்க உறுப்பாக, அதாவது 'சிடைப்' ஆகப் பதிவாகும்படி, எக்ஸ்டென்ஷன்யுடிலிட்டி கிளாஸில் இருக்கும் 'கான்டென்ட் எலிமென்ட்' வகைக்கான மாறிலியை ஐந்தாவதாக எழுதுங்கள். 13 ஆம் பதிப்பில் இந்த இடத்தை வெறுமையாக விட்டால் பழைய வகையே அமையும்.

இரண்டாம் பதிவு: தொகுப்பவருக்கு

'கான்ஃபிகரேஷன்' அடைவுக்குள் 'டிசிஏ', அதற்குள் 'ஓவர்ரைட்ஸ்', அதற்குள் 'டிடி_கான்டென்ட்.பிஹெச்பி' என்னும் கோப்பு. இதில் அதே கிளாஸின் 'ரெஜிஸ்டர்ப்ளகின்' மெத்தடை அழைக்க வேண்டும். பழைய நிரல்களில் இது 'எக்ஸ்ட்_டேபிள்ஸ்' கோப்பில் இருப்பதைக் காணலாம். டிசிஏ என்பது டேபிள்களையும் அவற்றின் பின்தளப் படிவங்களையும் விவரிக்கும் அமைப்பு; அதன் மாற்றங்கள் அங்கிருந்தால் சேமிக்கப்படும் டிசிஏ-வில் சேராது என்பதால் அந்த இடம் தவறு.

நீட்சிப் பெயர், ப்ளகின் பெயர், தொகுப்பவர் கண்ணுக்குத் தெரியும் தலைப்பு, ஐகானின் அடையாளம், எந்தக் குழுவின் கீழ் வர வேண்டும், ஒரு வரி விளக்கம் என்னும் வரிசையில் ஆர்க்யுமென்ட்கள் அமையும். தலைப்பை நேரடியாக எழுதாமல் மொழிக் கோப்பின் முகவரியாகக் கொடுத்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டலாம். ஐகானை 'கான்ஃபிகரேஷன்' அடைவின் ஐகான்ஸ் கோப்பில் தனியே பதிய வேண்டும். 13 ஆம் பதிப்பில் இந்தக் குழுவும் விளக்கமும் புதிய உறுப்பைச் சேர்க்கும் சாளரத்தில் தாமே இடம்பெற்றுவிடும். அதற்கு முன்னைய பதிப்புகளில் எழுதிய நீண்ட டிஎஸ்கான்ஃபிக் வரிகள் இப்போது வேண்டியதில்லை.

பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முன்பு வற்புறுத்தியதன் காரணம் இங்கே விளங்கும். இந்த மெத்தட், ப்ளகினின் வகையை உங்களிடம் கேட்பதில்லை. முதல் பதிவில் அதே நீட்சிப் பெயரும் அதே ப்ளகின் பெயரும் எந்த வகையோடு பதிவாகியிருக்கின்றன என்று தானே தேடிப் பார்க்கிறது. லோக்கல்கான்ஃப் கோப்பு முன்னதாகவே படிக்கப்பட்டுவிடுவதால் இது இயலுகிறது. பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டால் தேடல் வெறுங்கையோடு திரும்பி, 13 ஆம் பதிப்பில் பழைய லிஸ்ட்_டைப் வகையாகவே பதிவு செய்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ப்ளகின் மட்டும் எதிர்பாராத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒலிப்பை வைத்துத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்: 'மட்டம்' என்பதில் டகர ஒற்றுக்கு ஒரு முறை இரண்டு எழுத்தும் மறுமுறை ஓர் எழுத்தும் தட்டச்சாவது வெகு இயல்பு.

ரெஜிஸ்டர்ப்ளகின் மெத்தட் முடிவில் ப்ளகின் சிக்னேச்சரைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். கையால் மறுபடி எழுதாதீர்கள். 'வரலாறு' ப்ளகினில் எந்த அணை, எத்தனை நாள் என்பதைத் தொகுப்பவர் தேர வேண்டியிருந்ததால், அதற்கென ஒரு ஃப்ளெக்ஸ்ஃபார்ம் கோப்பை, அதாவது அந்த ப்ளகினுக்கான அமைப்புப் படிவத்தின் வரையறையை, எழுதினேன். இதற்கு இரண்டு படிகள் உண்டு. அந்தப் படிவத்தை இந்தச் சிக்னேச்சரோடு இணைப்பது ஒன்று. 'பிஐ_ஃப்ளெக்ஸ்ஃபார்ம்' என்னும் புலத்தை இந்த உறுப்பின் படிவத்தில் காட்டும்படி டிசிஏ வகைகளில் சேர்ப்பது மற்றொன்று. இணைக்கும் மெத்தடின் முதல் ஆர்க்யுமென்ட், தனித்த உள்ளடக்க உறுப்புக்கு, ஒரு நட்சத்திரக் குறியாக இருக்க வேண்டும்; சிக்னேச்சர் மூன்றாவதாக வரும். பதிவுகள் இருக்கும் ஃபோல்டரைத் தொகுப்பவரே சுட்ட வேண்டுமானால் 'பேஜஸ்' புலத்தையும் இதே முறையில் சேர்க்கலாம். நான் அதைச் சேர்க்காமல் டைப்போஸ்கிரிப்டில் சேமிப்பு எண்ணை நிலையாகக் கொடுத்துவிட்டேன்; மூன்று அணைகளுக்கு ஒரே ஃபோல்டர் போதும்.

ஓட்டிப் பார்த்தல்

இரண்டு கோப்புகளும் கேஷில் தொகுத்து வைக்கப்படுகின்றன. ஆதலால் திருத்தியதும் கட்டளை வரியில் டைப்போ3-இன் 'கேஷ் ஃப்ளஷ்' கட்டளையை இயக்குங்கள், அல்லது நிர்வாகக் கருவிகளின் பராமரிப்புப் பகுதியில் அதே வேலையைச் செய்யுங்கள். புதிய டேபிள்கள் இருந்தால் 'எக்ஸ்டென்ஷன் செட்டப்' கட்டளையும் தேவை. பிறகு பின்தளத்தின் கான்ஃபிகரேஷன் மாட்யூலைத் திறந்து, எக்ஸ்ட்பேஸின் நீட்சிப் பட்டியலில் உங்கள் நீட்சிப் பெயரின் கீழ் மூன்று ப்ளகின்களும், அவற்றின் கன்ட்ரோலர்களும் வகையும் நினைத்தபடி வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்து ஊகிப்பதைவிட இது விரைவானது.

நிர்வாகிக் கணக்கில் ப்ளகின் தெரிகிறது, தொகுப்பவர் கணக்கில் தெரியவில்லை என்றால் நிரலில் தவறு தேடாதீர்கள். சிடைப் புலத்தின் ஒவ்வொரு மதிப்பையும் பயனர் குழுவுக்கு வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும் என்பது விதி. குழுவின் அனுமதிப் படிவத்தில் புதிய மூன்று மதிப்புகளையும் குறியிட்டால் தெரிந்துவிடும்.

உறுப்பை வைத்தபின், இதைக் காட்டுவதற்கான வரையறை இல்லை என்ற பொருளில் முன்தளத்தில் செய்தி வந்தால், பெரும்பாலும் முதல் பதிவு இல்லை அல்லது பெயர் பிசகியிருக்கிறது. டைப்போஸ்கிரிப்ட் வரையறையை உருவாக்குவது கான்ஃபிகர்ப்ளகின்தான். அந்த வரையறை 'லிப்.கான்டென்ட்எலிமென்ட்' என்பதை அடிப்படையாகக் கொள்வதால், ஃப்ளூயிட் ஸ்டைல்டு கான்டென்ட் நீட்சியோ அதற்கு நிகரான உங்கள் சொந்த அமைப்போ தளத்தில் இருக்க வேண்டும். டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்ற பிழைக்குக் காரணம் கோப்பின் இடம்: ரிசோர்ஸஸ், ப்ரைவேட், டெம்ப்ளேட்ஸ் ஆகிய அடைவுகளுக்குள் கன்ட்ரோலர் பெயரில் ஓர் அடைவு, அதனுள் ஆக்‌ஷன் பெயரில், பெரிய முதலெழுத்தோடு, கோப்பு. ஒவ்வோர் ஆக்‌ஷனும் ஒரு ரெஸ்பான்ஸ் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது 12 ஆம் பதிப்பிலிருந்து கட்டாயம். 'ஹெச்டிஎம்எல்ரெஸ்பான்ஸ்' மெத்தடை அழைத்துத் திருப்பினால் போதும்.

பட்டியலிலிருந்து வரலாற்றுக்கு இணைப்புக் கொடுக்கும்போது, ஃப்ளூயிட் டெம்ப்ளேட்டில் ப்ளகின் பெயரையும், அந்த ப்ளகின் வைக்கப்பட்டுள்ள பக்கத்தின் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் இணைப்பு நடப்பு ப்ளகினுக்கே உரியதாக அமைந்து, முன்பு சொன்ன அனுமதியில்லை என்னும் பிழையில் போய் முட்டும். மணிமுத்தாற்றைச் சொடுக்கினால் 404 வருகிறது என்று எனக்கு வந்த இரண்டாவது புகாருக்குக் காரணம் இதுவே.

பழைய லிஸ்ட்_டைப் முறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நீட்சியை மாற்றுபவர்கள் மேற்சொன்னதோடு ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். பக்கங்களில் முன்பே வைக்கப்பட்ட உறுப்புகள் தரவுத்தளத்தில் பழைய வகையோடுதான் இருக்கும். பதிவை மாற்றிய கணமே அவை காணாமற்போனதுபோலத் தோன்றும். இதற்கென 13.4 பதிப்பு ஓர் அடிப்படைக் கிளாஸைத் தருகிறது. அதை விரித்து, பழைய அடையாளத்துக்கு எதிரே புதிய அடையாளத்தை எழுதி ஒரு மேம்பாட்டு விசார்டை உருவாக்கினால், அது உறுப்புகளையும் அவற்றோடு பயனர் குழு அனுமதிகளையும் மாற்றிவிடும். 14-க்குத் தாவும் முன், 13.4-இல் இருக்கும்போதே, தரவுத்தளத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு இதை இயக்கி முடித்துவிடுங்கள்.